குழறும் விரல்கள்

வசுமதியின் கை குழறுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவளுடைய மகள் அமிழ்தாதான்.

அமிழ்தாவுக்கு எட்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது. காதிலிருந்து மூளைக்குப் போக வேண்டிய நரம்பே வளராததால் எந்தக் கருவியும் அவளுக்கு உதவவில்லை. எதிரில் இருப்பவர் பேசுவதை எழுத்தாக ஓடவிடும் கண்ணாடி ஒன்று வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்கும் கடைகண்ணிக்கும் அது போதும். வீட்டுக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவாள். வீட்டில் அம்மாவும் மகளும் கையால்தான் பேசிக்கொண்டார்கள். சண்டை, கொஞ்சல், கணக்குப் பாடம், யாரைப் பற்றியாவது புறணி, எல்லாமே விரலில்தான். வசுமதியின் அப்பா ரங்கராஜுக்கு அந்தப் பாஷை கடைசிவரை படியவில்லை. "இந்த வயசுல எனக்கு விரல் மடங்காது கண்ணு" என்று சிரித்து ஒதுங்கிவிடுவார். அமிழ்தாவின் அப்பா பிரிந்துபோய் ஐந்து வருஷமாகிறது. ஆக அந்த வீட்டில் அவளுடன் பேச இருந்தவை இரண்டே இரண்டு கைகள்.

அன்றைக்குச் சாயங்காலம் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வசுமதி ஏதோ சொன்னாள். மறுநாள் வேன் சீக்கிரம் வரும், அவ்வளவுதான் விஷயம். அமிழ்தா புருவத்தைச் சுருக்கினாள்.

"திருப்பிச் சொல்லு" என்றது சிறிய கை.

வசுமதி திருப்பிச் சொன்னாள்.

"அம்மா, உன் கை குழறுது. குடிச்சவங்க பேசற மாதிரி."

வசுமதி சிரித்து மழுப்பினாள். ஆனால் அந்த வாரமே அவிநாசி சாலையில் இருந்த நரம்பியல் மருத்துவர் மெஹருன்னிசாவைப் போய்ப் பார்த்தாள்.

மெஹருன்னிசா அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னார். கட்டை விரல் மடங்கியது. சுட்டு விரலை மடக்கச் சொன்னபோது நான்கு விரல்களும் சேர்ந்து மடங்கின.

"பிடரியில பட்டை போட்டு எவ்வளவு நாளாச்சு?"

"நாலு சீசன் ஆச்சு டாக்டர்."

"பந்தயத்துல கார் ஓட்டும்போது உங்க கை என்ன பண்ணுது?"

"சும்மா ஸ்டீயரிங் மேல இருக்கும். திருப்பணும்னு நினைச்சாப் போதும். அந்த நினைப்பு கைக்கு இறங்கறதுக்குள்ள பட்டை அதைப் பிடிச்சு வண்டிக்குக் குடுத்திடும். ஸ்டீயரிங் தானாத் திரும்பும். கை அதுகூடப் போயிட்டு வரும்."

"அதான் விஷயம்" என்றார் மெஹருன்னிசா. "ஊருக்கு வெளியே பைபாஸ் போட்டா பழைய ரோட்ல பஸ் குறையுதில்லையா? அப்புறம் கடைங்க மூடுது. கொஞ்ச நாள்ல ரோட்டுலயே புல் முளைச்சிருது. மூளையும் அப்படித்தான். குறுக்கு வழி கிடைச்சா பழைய வழியைக் கவனிக்காது. உங்க மூளையில இருந்து விரலுக்குப் போற ரோட்ல புல் முளைக்க ஆரம்பிச்சிருச்சு."

"இப்பவே பட்டையை எடுத்துட்டா?"

"பாதிக்கு மேல திரும்பி வரும்னு நம்பறேன். பயிற்சி எடுத்தா இன்னும் கூட வரலாம்."

"இந்த ஒரு பந்தயத்தை முடிச்சிட்டு எடுத்தா?"

"வேகம் கூடக் கூடத்தான் கெடுதல் அதிகம். கடைசிப் பந்தயத்துல நீங்க உயிரைக் குடுத்து ஓட்டுவீங்க. அதுக்கப்புறம் டம்ளர் பிடிக்கலாம், கதவு திறக்கலாம். விரல் தனித்தனியா அசையாது. இதை வேற யாராவதுகிட்ட சொன்னா சட்டைப் பட்டன் போட முடியாதுன்னு சொல்லுவேன். உங்ககிட்ட அப்படிச் சொல்லத் தேவையில்லை."

வசுமதி தன் கைகளைப் பார்த்தபடி இருந்தாள்.

"இது உங்களோட நிக்கப்போறதும் இல்ல" என்று மெஹருன்னிசா தொடர்ந்தார். "ஏப்ரல்ல இருந்து லாரி ஓட்டறவங்களுக்கும் கிரேன் ஓட்டறவங்களுக்கும் பட்டை வரப்போகுது. விபத்து குறையும்னு விளம்பரம். நாங்க நாலு டாக்டருங்க சேர்ந்து எதிர்த்து எழுதினோம். 'நாட்டோட பெரிய டிரைவர்களே போட்டிருக்காங்க, அவங்களுக்கு என்ன ஆச்சு?'ன்னு உங்க கம்பெனி ஒரே வரியில முடிச்சிட்டாங்க."

உங்க கம்பெனி என்று அவர் சொன்னது முன்கை என்ற நிறுவனத்தை. பட்டையைச் செய்வதும் அவர்கள்தான், வசுமதி ஓட்டும் அணியை நடத்துவதும் அவர்கள்தான். நெற்றியில் போடுகிற பட்டை பக்திக்கு, பிடரியில் போடுகிற பட்டை சக்திக்கு என்று பந்தய உலகத்தில் ஒரு கிண்டல் உண்டு. பார்ப்பதற்குக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் போலத்தான் இருக்கும். அதன் அடியிலிருந்து மயிரிழை போல ஒரு கம்பி மண்டைக்குள் போகும். போட்டே ஆக வேண்டும் என்று பந்தய விதியில் இல்லை. ஆனால் கண் இமைப்பதில் பாதி நேரம் மிச்சமாகிறது என்றால் எந்த ஓட்டுநர் வேண்டாம் என்பான்?

வீடு திரும்பும் வழியெல்லாம் வசுமதி நினைத்தது தன் கைகளைப் பற்றி அல்ல. சென்னியப்பனைப் பற்றித்தான்.

சென்னியப்பன் பொள்ளாச்சிக்காரன். பன்னிரண்டு வயதில் போத்தனூர்ப் பக்கம் கோ-கார்ட் என்கிற குட்டிக் கார்ப் பந்தயக் களத்தில் இருவரும் முதன்முதலாக மோதிக்கொண்டார்கள். நிஜமாகவே மோதினார்கள். அவள் பல் உடைந்தது, அவனுக்கு முழங்கை பெயர்ந்தது. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக அவனுக்கு முன்னால் அவள், அவளுக்கு முன்னால் அவன் என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். தேசியப் பட்டத்தை அவன் மூன்று தடவை வாங்கிவிட்டான். மூன்று தடவையும் இரண்டாவதாக வந்தவள் வசுமதி. இந்த சீசனில் முதல் பாதி முழுக்க அவன் கொடிதான் பறந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு என்ன ஆயிற்றோ, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கினான். அவள் எட்டிப் பிடித்துவிட்டாள். கடைசிப் பந்தயத்துக்கு இருவரும் சம புள்ளிகளில் நின்றார்கள். வாளையாறு களத்தில் யார் முந்துகிறாரோ அவருக்குப் பட்டம்.

இப்போதா விடுவது?

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, நடுப்பகலில், சென்னியப்பன் கணபதியில் இருந்த அவள் வீட்டுக்கே வந்து நின்றான். கையில் ஒரு குலை இளநீர். ரங்கராஜுக்கு வாயெல்லாம் பல்.

"வாங்க தம்பி, வாங்க. எதிரி வீட்டுக்கு இளநீரோட வர்ற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"நல்லா இருக்கறீங்களாங்க ஐயா?" என்று கும்பிட்டான் சென்னியப்பன். விடுமுறை நாள் என்பதால் அமிழ்தாவும் வீட்டில் இருந்தாள். அவனைக் கண்டதும் இடது உள்ளங்கையை வலது விரல்களால் வழித்தெடுத்துக் காட்டினாள். திருடன் என்று அர்த்தம். அவனுக்கு அவள் வைத்திருந்த பெயர் அது. வசுமதி சிரித்துக்கொண்டே, அப்படிச் சொல்லக்கூடாது என்று கையால் அடக்கினாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவள் மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. சென்னியப்பன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரங்கராஜ் இளநீர் சீவ அரிவாளைத் தேடி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"உன்ற கை சரியில்ல வசு."

"என் கைக்கு என்ன?"

"போன பந்தயத்துல மேடையில தண்ணி பாட்டில் மூடியைத் திறக்க முடியாம, பல்லுல கடிச்சுத் திறந்தே. நான் பக்கத்துலதான நின்னேன்." கொஞ்சம் தயங்கினான். "ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் பட்டையைக் கழட்டிப்போட்டு ஓட்டலாம். ஒருத்தர்கிட்டயும் சொல்ல வேண்டாம். வெறும் கை. யாருக்குக் கெடைக்குதோ கெடைக்கட்டும்."

வசுமதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன சென்னி, பிரேக் போச்சா?"

அவன் முகம் சுண்டியது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளில், ஒருவர் ரேடியோவை மற்றவர் ஒட்டுக்கேட்பார் என்று தெரிந்தே, "பிரேக் போச்சு, பிரேக் போச்சு" என்று அவன் அலறியிருந்தான். அதை நம்பி அவள் சற்று மூச்சு விட்ட இடத்தில் உள்பக்கமாகப் புகுந்து போய்விட்டான். நிருபர்கள் கேட்டபோது, "வாய் தவறிச் சொல்லிட்டனுங்க" என்று சிரித்தான். மூன்றாவது பட்டம் அப்படி வந்ததுதான்.

"அது தப்புத்தான்" என்றான் இப்போது. "ஆனா அது பந்தயத்துக்குள்ள. இது வேற. என்ற மச்சான் ஈரோட்டுல டேங்கர் ஓட்டறான். பட்டை போட்டுக்கிட்டா வேலை, இல்லாட்டி வேற எடம் பாருன்னு ஓனர் சொல்லிட்டாரு. அவன் என்கிட்ட வந்து, நீயே போட்டிருக்கறயே மாமா, ஒண்ணும் ஆகாதில்லங்கறான். நான் என்ன சொல்றது?"

"மூணு தடவ ஜெயிச்சவனுக்கு இதெல்லாம் பேச நேரமிருக்கும். நான் கழட்டி வெப்பேன். நீ கழட்ட மாட்டே. திங்கக்கெழம வாய் தவறிச் சொல்லிட்டனுங்கம்பே."

சென்னியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் அமிழ்தாவைப் பார்த்தான், உள்ளே இருந்து வந்த ரங்கராஜைப் பார்த்தான். இளநீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

"திருடன் என்ன கேட்டான்?" என்று அமிழ்தா துளைத்தாள்.

"பயந்துட்டான்" என்று வசுமதி தட்டுத்தடுமாறி விரலால் சொன்னாள். குழந்தைக்குப் புரிந்துவிட்டது. கூடம் முழுக்கக் குதித்தாள்.

வாளையாறு களம் மலைகளுக்கு நடுவே உள்ள கணவாயில் இருந்தது. அங்கே காற்றுக்கு நேரம் காலம் கிடையாது. மூன்றாவது வளைவைத் தாண்டி நேர்ப்பாதைக்கு வந்ததும் பக்கவாட்டில் வந்து அறையும். மின்சார வண்டிகள் வந்த பிறகு பந்தயத்தில் பழைய உறுமல் இல்லை, நீண்ட சீழ்க்கை மட்டும்தான். ஆனால் வண்டிகள் கடக்கும்போது தரை அதிரும். அமிழ்தா தாத்தாவுடன் முதல் வரிசையில் உட்கார்ந்து, இரும்புத் தடுப்பின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து அந்த அதிர்வைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பன் முதல் வளைவிலேயே முந்திக்கொண்டான். அவன் பின்னாலேயே வசுமதி. மற்றவர்கள் எல்லாம் சுற்றுக்குச் சுற்றுப் பின்தங்கி, கடைசியில் களத்தில் இவர்கள் இருவர் மட்டும் இருப்பது போல ஆயிற்று.

"அவசரப்படாதே" என்றது காதில் ஒரு குரல். அணி மேலாளர் ரகோத்தமன். "அவன் டயர் தேயட்டும். உன் பட்டையோட சிக்னல் பிரமாதமா இருக்கு. இதுவரைக்கும் இவ்வளவு சுத்தமா வந்ததே இல்ல."

அது அவளுக்கே தெரிந்தது. அன்றைக்கு அவளுக்கும் வண்டிக்கும் நடுவே எதுவும் இல்லை. வளைவை நினைத்தாள், வண்டி வளைந்தது. கைகள் எங்கோ தொலைவில், வேறு யாருடையதோ போல ஸ்டீயரிங் மேல் கிடந்தன. அவற்றைப் பற்றிய ஞாபகமே வரவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக அவள் ஓட்டியதே இல்லை.

முன்னால் போகும் வண்டியில் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாள். காற்று அறையும் இடத்தில் சென்னியப்பனின் முன்சக்கரங்கள் லேசாக நடுங்கின. திருத்தி, மறுபடி திருத்தி, பிறகே நேராயின. பட்டை போட்ட வண்டி அப்படி நடுங்காது. அவன் பட்டை கோளாறு செய்கிறது என்று வசுமதி நினைத்தாள். மனம் துள்ளியது. அப்படியிருந்தும் அவன் வழிவிடவில்லை. காற்று வருமுன்பே வண்டியை அதை நோக்கிச் சாய்த்தான். அவள் இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம், வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம், முதுகிலும் கண் இருப்பவன் போல அடைத்தான். எரிச்சலாக இருந்தது. எரிச்சலுக்கு அடியில், தன்னை மீறி, என்னமாய் ஓட்டுகிறான் என்ற வியப்பும் இருந்தது.

கடைசிச் சுற்று. மூன்றாவது வளைவு. அந்தச் சமயத்தில் கணவாய்க்குள்ளிருந்து புறப்பட்டு வந்த காற்று அதுவரை அடித்ததைப் போல இல்லை. இருவர் வண்டியையும் ஒரே நேரத்தில் அறைந்தது. வசுமதியின் வண்டி, காற்று வந்தது அவளுக்கு உறைக்குமுன்பே நிமிர்ந்துவிட்டது. சென்னியப்பனின் வண்டி அரைச் சக்கர அகலம் வெளியே போய்த் திரும்பியது. அவ்வளவுதான் இடம். அது போதுமாக இருந்தது. அவள் புகுந்தாள்.

கொடி விழுந்தபோது அவன் வண்டியின் மூக்கு அவள் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

காதில் ரகோத்தமன் அழுதுகொண்டே கத்தினார். வசுமதி வண்டியை நிறுத்தினாள். கையை உயர்த்தி ஆட்ட வேண்டும் என்று நினைத்தாள். வண்டி லேசாக அசைந்தது. கை அசையவில்லை. மெக்கானிக்குகள் ஓடி வந்து, முதலில் சிரித்துக்கொண்டும், பிறகு சிரிப்பு அடங்கியும், ஸ்டீயரிங்கிலிருந்து அவள் விரல்களைப் பிரித்தெடுத்தார்கள். பிரித்த பிறகும் விரல்கள் விரியவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்த வாக்கிலேயே இரண்டு கைகளும் முன்னால் நின்றன.

மேடையில் கோப்பையை இரண்டு முன்னங்கைகளுக்கும் நடுவே அணைத்துக்கொண்டாள். கூட்டத்துக்கு அது மகிழ்ச்சியில் கட்டிப்பிடிப்பது போலத்தான் தெரிந்திருக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் ரங்கராஜ் அமிழ்தாவைத் தோளில் தூக்கி நிறுத்தியிருந்தார். அமிழ்தா இரண்டு கைகளையும் வீசி, "அம்மா! அம்மா! ஜெயிச்சுட்டே!" என்று வானத்தில் எழுதுவது போலச் சொன்னாள்.

வசுமதி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லக் கைகளைத் தூக்கினாள். மடங்கிய இரண்டு முஷ்டிகள், நெஞ்சுக்கு நேரே, அருகருகே. அவர்கள் பாஷையில் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. கார்.

"கார்?" என்று கேட்டது சின்னக் கை. "காருக்கு என்ன?"

வசுமதி முயன்றாள். மறுபடியும் அதே சொல்தான் வந்தது. கார். இன்னொரு தடவை முயன்றாள். கார். அமிழ்தாவின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. என்ன நடந்தது என்று குழந்தைக்கு எதுவும் தெரியாது. ஆனால் அம்மா ஊமையாகிவிட்டாள் என்பது மட்டும் அங்கிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் அவளுக்குத்தான் புரிந்தது.

வண்டி நிறுத்தும் கொட்டகையில் வசுமதி தனியாக உட்கார்ந்திருந்தபோது சென்னியப்பன் வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தான். முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. அவள் கைகளைப் பார்த்தான். எதிரில் கிடந்த டயர்மீது உட்கார்ந்தான்.

"நல்லா ஓட்டுனே வசு."

"உன் பட்டை கோளாறு பண்ணாம இருந்திருந்தா நீ பிடிச்சிருப்பே" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவனிடம் அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

சென்னியப்பன் குனிந்தான். பிடரியில் இருந்த பட்டையை நகத்தால் நெண்டி உரித்து அவள் மடியில் போட்டான். கடையில் விற்கிற சாதாரண பிளாஸ்டர். அவன் பிடரியில் கம்பி இல்லை. கம்பி இருந்த இடத்தில் சின்னதாக ஒரு வடு, காய்ந்து வெளுத்துப் போயிருந்தது.

"ஆகஸ்டுலயே எடுத்துப்போட்டேன். என்ற டீம் ஓனருக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். வெளிய தெரிஞ்சா ஸ்பான்சர் அன்னைக்கே கழண்டுக்குவான், கடைசிப் பந்தயத்துக்கு வண்டியே இருக்காது." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். "ஜெயிச்சுட்டு, மேடையில ஏறி, எல்லா கேமராவுக்கும் முன்னால முதுகைக் காட்டலாம்னு இருந்தேன். வெறும் கையே இதை ஜெயிக்கும்னு ஒரு தடவ காட்டிட்டா, அப்புறம் எவன் லாரிக்காரன் தலையில இதைச் சொருகுவான்? அதான் கணக்கு."

வசுமதிக்கு அந்த நடுங்கிய சக்கரங்கள் கண்முன்னே வந்தன. அது கோளாறு இல்லை. அது கை.

"வீட்டுக்கு வந்தப்பவே இதைக் காட்டியிருக்கலாமில்ல சென்னி?"

"காட்டியிருந்தா?"

"நம்பியிருப்பேன்."

"நம்பியிருப்பே" என்றான் அவன். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நான் வெறுங்கையோட வர்றேன்னு தெரிஞ்சதும், இந்தத் தடவ நிச்சயம் நமக்குத்தான்னு, இன்னும் நிம்மதியாப் பட்டையை ஒட்டிக்கிட்டு வந்திருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா? நான் உன் எடத்துல இருந்தா அதத்தான் பண்ணியிருப்பேன்."

அது உண்மைதான் என்று அவளுக்கே தெரிந்தது.

எழுந்து நிருபர் கூட்டத்துக்குப் போனாள். ரகோத்தமன் எழுதிக் கொடுத்திருந்த வார்த்தைகளைச் சொல்லாமல், இரண்டு கைகளையும் மேசைமேல் தூக்கி வைத்து, விஷயத்தை முழுக்கச் சொன்னாள். சென்னியப்பன் பக்கத்தில் நின்று பிடரியைக் காட்டினான். ஒரு நிருபர் எழுந்து கேட்டார்:

"சார், தோத்ததுக்கப்புறம் இதைச் சொல்றீங்களே, இதை நாங்க எப்படி எடுத்துக்கறது?"

கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் மறுநாள் எல்லாச் செய்தியிலும் வந்தது ஒன்றுதான்: பட்டை போட்டவள் வென்றாள், போடாதவன் தோற்றான். வசுமதியின் நோய் பரம்பரையாக வந்தது என்று முன்கை அறிக்கை விட்டது. பரம்பரையில் யாருக்கு இருந்தது என்று ரங்கராஜ் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒப்பந்தத்தை மீறிப் பேசினாள் என்று அணியிலிருந்து அவளை நீக்கினார்கள். பட்டத்தை மட்டும் பிடுங்கவில்லை. அது அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவள் படம் போட்ட விளம்பரப் பலகை சேலம் சாலையில் அப்படியே நின்றது.

சித்திரை மாதம் வசுமதியும் சென்னியப்பனும் நாமக்கல்லுக்குப் போனார்கள். லாரி ஓட்டுநர்கள் மண்டபம் நிறைய வந்திருந்தார்கள். வசுமதி பேசினாள். பேச்சைவிட அவள் கைகளைத்தான் பார்த்தார்கள். முடிந்ததும் நிறையப் பேர் வந்து, போட மாட்டோம் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னும் நிறையப் பேர் எதுவும் சொல்லாமல் வெளியே போய் பீடி பற்ற வைத்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தபோது, வேலையை விடவும் முடியாது கையை விடவும் முடியாது என்று அவர்கள் மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. சென்னியப்பனின் மச்சான் பட்டையைப் போட்டுக்கொண்டுவிட்டான். அதைச் சென்னியப்பன் மண்டபத்தில் யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது காரில் வசுமதியிடம் மட்டும் சொன்னான்.

விரல்கள் திரும்பி வரவில்லை. பந்தயம் முடிந்த வாரமே மெஹருன்னிசா பட்டையை எடுத்திருந்தார், பயிற்சியும் கொடுத்தார். வைகாசியில் வலது கட்டை விரல் கொஞ்சம் விரிந்தது, அதோடு நின்றுபோயிற்று. அமிழ்தா முதலில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அம்மாவுடன் பேசிப் பார்த்தாள். வசுமதி கொஞ்சினாலும் திட்டினாலும் கண்ணாடியில் ஒரே அளவு எழுத்துதான் ஓடியது. பள்ளி ஆசிரியை பேசினாலும் அதே எழுத்து, மளிகைக் கடைக்காரர் பேசினாலும் அதே எழுத்து. சில நாளில் குழந்தை வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, பதிலைப் பார்க்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சென்னியப்பன் இதை எப்போது கவனித்தான் என்று தெரியாது. ஓட்டுவதை விட்டுவிட்டிருந்தான். ஓட்டி ஜெயிக்க ஆள் இல்லாத களத்தில் எனக்கென்ன வேலை என்று ஒரு தடவை சொன்னான். காது கேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்றில் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து கைப்பாஷை படிக்கிறான் என்பது வசுமதிக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிய வந்தது.

"எனக்குக் கை மிச்சம் இருக்குதில்ல" என்றான், அவள் கேட்டபோது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். வசுமதி வாயால் சொல்லுவாள், அவன் கையால் அமிழ்தாவுக்குச் சொல்லுவான். தடித்த விரல்கள். பாதிச் சொல் தப்பாக வரும். 'சாப்பிட்டாயா' என்பதற்குப் பதில் 'கல்யாணம் ஆயிற்றா' என்று கேட்டுவிட்டான் ஒரு தடவை. அமிழ்தா தரையில் உருண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ரங்கராஜ் அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அமிழ்தா திடீரென்று விளையாட்டுச் சாமான்களை ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றாள். வசுமதியின் முன்னால் வந்தாள். பல நாளாக மனசுக்குள் வைத்திருந்து, சரியாகச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தவள் போல ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அன்னைக்கு ஓட்டினா கை போயிடும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

சென்னியப்பன் வசுமதியைப் பார்த்தான்.

"தெரியும்னு சொல்லு" என்றாள் வசுமதி.

அவன் அசையவில்லை.

"சொல்லு சென்னி. டாக்டர் சொல்லியிருந்தாங்க, தெரிஞ்சேதான் போனேன்னு சொல்லு. எம்பொண்ணுகிட்ட நான் பொய் சொன்னதில்ல."

அமிழ்தா இப்போது சென்னியப்பனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'தெரியும்' என்பதற்கும் 'தெரியாது' என்பதற்கும் அந்தப் பாஷையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் விரல்கள் நெற்றிப் பொட்டைத் தொடும். கடைசியில் மணிக்கட்டை லேசாக வெளியே திருப்பிவிட்டால் தெரியாது.

சென்னியப்பன் விரல்களை நெற்றிப் பொட்டுக்குக் கொண்டுபோனான். மணிக்கட்டு திரும்பியது.

அவன் விரல் வழக்கம்போலத் தப்பிப் போயிற்றா, தெரிந்தே செய்தானா என்று வசுமதியால் சொல்ல முடியவில்லை. அவன் அவள் பக்கம் திரும்பவும் இல்லை. அமிழ்தாவின் தோள் தளர்ந்தது. எத்தனையோ மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த எதையோ இறக்கி வைத்தது போல இருந்தது குழந்தையின் முகம். ஓடி வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

தப்பாகச் சொல்லிவிட்டாய், திருத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் திருத்திவிடுவான். வாய் நன்றாகத்தான் இருந்தது அவளுக்கு. வசுமதி மகளின் தலைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை.